நங்கூரத்தார் கல்

சின்னமேட்டுக் குப்பம்,
11-8-2024

யாருக்கு அண்ணி பொறாம? எனக்கா? செத்தவங்க பேர எழுதற கல்லு அது. அதுல எடம் புடிக்க எழுவத்தஞ்சு வயசுக் கெழவன் சொந்த அண்ணனோட போட்டி போடுவானா? எனக்கும் சீக்கிரமே அதுல ஒரு எடம் உண்டு. அவசரம் ஒண்ணும் இல்ல.

உன் கார்டு வந்துச்சு. போஸ்ட்மேன் ஜான்சன் வாசல்ல நின்னு சத்தமாப் படிச்சுட்டுத்தான் என் கையில குடுத்தான். "இன்னா பெருசு, இத்தினூண்டு கார்டுல உங்க அண்ணி இவ்ளோ திட்ட அடக்கிகீது"ன்னு சிரிக்கிறான். இனிமே திட்டறதா இருந்தா கவர்ல போட்டு, ஒட்டி, திட்டு.

நடந்தது இன்னான்னு ஒழுங்கா கேட்டுக்க. தை மாசம் நம்ம கங்கையம்மனுக்குக் கும்பாபிஷேகம். புது மண்டபத்துச் சொவத்துல வகையறாவுக்கு ஒரு கல்லு. அந்த வகையறாவுல பேர் வாங்கினவங்க பேர அதுல வெட்டணும். நங்கூரத்தார் வகையறாவுக்கு யார் யாருன்னு என்னக் கேட்டாங்க. மூணு பேரு சொன்னேன். பெரியதாண்டவன், எட்டியம்மா, வேம்புலி. நாலாவதா தேசிங்கு அண்ணன் பேரச் சொல்ல வாயத் தொறந்தேன். தொறந்த வாய மூடிகினேன்.

ஏன்னு கேளு. பஞ்சாயத்தாரு ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. போய்ச் சேந்தவங்க பேரு மட்டுந்தான். உசுரோட கீறவன் பேரு கல்லுல ஏறக் கூடாது. ஒவ்வொரு பேருக்குக் கீழயும் 'மறைவு'ன்னு போட்டு வருஷம் வெட்டணும். இப்ப நீயே சொல்லு. அண்ணன் பேருக்குக் கீழ இன்னா போடறது? நீ வருஷத்த சொல்லு, நாளைக்கே வெட்டச் சொல்றேன்.

சொல்ல மாட்ட. தெரியும். அதான் எழுதல.

திட்டறதுக்கு பதில் சொல்ற அவசரத்துல சொகம் விசாரிக்க மறந்துட்டேன். நான் சொகம். உன் முழங்காலு எப்பிடி கீது? வசந்த், பரிமளா, கொழந்த எல்லாம் சொகந்தான? என்னோட பேச மாட்டேன்னு சூடம் ஏத்தி சத்தியம் பண்ணவ, கார்டு மட்டும் தவறாம போடற. அம்மன் கணக்குல அத எப்பிடி எழுதிக்கும்னு தெரியல.

உன் கொழுந்தன்,
சிங்காரம்


ஊரப்பாக்கம்,
19-8-2024

கொழுந்தனாருக்கு வச்சலா எழுதுவது. இங்கே பிள்ளை, மருமகள், பேத்தி எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார்கள். முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது. உங்கள் இருமல் தேவலையா?

உங்களோடு பேசுவதில்லை என்றுதான் அம்மன் முன்னால் சூடம் ஏற்றினேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. அம்மனுக்கு அது நன்றாகத் தெரியும்.

வருஷம் கேட்டிருக்கிறீர்கள். எதற்கு வருஷம்? புயல் வருஷத்தில் காசிமேட்டு லாஞ்சு ஒன்று நம் கரைக்கு எதிரே மணல் தட்டி நின்றது. யாரும் கடலில் இறங்கவில்லை. அவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். நான்கு பேரைக் கரையில் கொண்டுவந்து போட்டார். ஐந்தாவது ஆள் ஒருவன் இன்னும் இருக்கிறான் என்று திரும்பப் போனார். அதுவரைதான் நான் பார்த்தது. நீங்களும் பார்த்தது. உடம்பு வந்ததா? கட்டுமரத்தின் ஒரு கட்டையாவது வந்ததா? பார்க்காததற்கு நான் எப்படி வருஷம் சொல்வது? ஏழு வருஷம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டு, இறந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டால் உதவி கிடைக்கும் என்றார்கள். அப்போதே போடாதவள் நான்.

அவர் பேர் கல்லில் வர வேண்டும். முன்பின் தெரியாத நான்கு பேருக்கு உயிர் கொடுத்தவரை விட்டுவிட்டு, நங்கூரத்தார் என்று யார் பேரை வெட்டினாலும் அந்தக் கல் பொய்க் கல். ஆனால் 'மறைவு' என்று வரக் கூடாது. பேர் மட்டும் வரட்டும். இதைப் பஞ்சாயத்தில் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வச்சலா


சின்னமேட்டுக் குப்பம்,
2-9-2024

அண்ணிக்கு, இருமல் தேவலையான கொழுந்தன் எழுதிக்கிறது. வூட்ல நானும் பூனையும் சொகம்.

கவர்ல போட்டதுக்கு சந்தோஷம். ஜான்சனுக்குத்தான் வருத்தம். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தானாம், ஒண்ணும் தெரியலயாம்.

ரெண்டு பக்கம் எழுதிகீற. நான் மூணு வாட்டி படிச்சேன். ஒரு எடத்துல கூட அண்ணன் பேரு இல்ல. அவரு, அவரு, அவரு. பஞ்சாயத்துல போய், "கல்லுல 'அவரு'ன்னு வெட்டுங்க, எங்க அண்ணி உத்தரவு"ன்னு சொல்லவா?

சிரிப்பு வருது, அப்பால அழுகையும் வருது. புயல் அடிச்ச மறுநாள் கரையில மேஜ போட்டுக் குந்தினு இருந்தானே ஒரு கிளார்க்கு, ஞாபகம் கீதா? தெக்கத்தி ஆளு. காணாமப் போனவங்க பேர எழுதிகினு இருந்தான். நான் கடலோரமா சதுரங்கப்பட்டினம் வரைக்கும் தேடிகினு பூட்டேன். உன்ன கேட்டுகிறான், "உன் வூட்டுக்காரன் பேரு இன்னா?" நீ சொல்லல. பொண்டாட்டி வாயால புருஷன் பேர சொல்லக் கூடாதே! "செஞ்சிக் கோட்டைய ஆண்டாரே, அவரு பேரு"ன்னு சொல்லிகீற. நம்ம பக்கத்துல சின்னப் புள்ளைக்குக் கூட புரியும். அந்தப் பாவிக்கு செஞ்சியும் தெரியல, கோட்டையும் தெரியல. ஆண்டவரு தானேன்னு 'ராஜா'ன்னு எழுதிட்டான். நான் வர்றதுக்குள்ள பேப்பரு ஜீப்புல ஏறிப் பூடுச்சு. இன்னிக்கு வரைக்கும் சர்க்காரு கணக்குல நம்ம கரையில காணாமப் போனவன் ராஜான்னு ஒருத்தன்.

பஞ்சாயத்துல கேட்டேன். வருஷம் இல்லாம பேரு வெட்ட முடியாதாம். "இன்னிக்கு உங்கண்ணனுக்கு உட்டா நாளைக்கு உசுரோட கீற எல்லாவனும் பேர வெட்டுன்னு வருவான்"னு தலைவரு எத்திராஜ் சொல்றான். அவனுக்கே அந்த ஆச கீதுன்னு அவன் மூஞ்சில தெரியுது.

மீதி மூணு பேரு வேல நடக்குது. மொத ஆளு பெரியதாண்டவன். உலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன், காலத்துல கப்பல் நங்கூரம் அறுந்து தண்ணிக்குள்ள பூடுச்சாம். இவரு மூச்சடக்கி முழுவி, கயிறு கட்டி, மேல இஸ்துட்டாராம். இன்னா வேணும்னு கேட்டதுக்கு "அந்த நங்கூரத்தையே குடு"ன்னாராம். நங்கூரத்தக் குடுத்தா கப்பல் எப்பிடி நிக்கும்? அதனால பேர மட்டும் குடுத்து அனுப்பிட்டானுங்க. நெசமா பொய்யான்னு அந்த உலாந்தாக்காரனத்தான் கேக்கணும். முன்னூறு வருஷமா நாம அந்தப் பேரத்தான் சாப்புட்டுகினு கீறோம்.

முழங்காலுக்கு வேப்பெண்ண தடவு.

உன் கொழுந்தன்,
சிங்காரம்


ஊரப்பாக்கம்,
28-9-2024

கொழுந்தனாருக்கு, வச்சலா. இங்கே எல்லாரும் சௌக்கியம். உடனே பதில் போடத் தோன்றவில்லை. போடவில்லை.

அந்தக் கிளார்க் விஷயத்தை எழுதி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தீர்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு விதத்தில் அவன் எழுதியது நல்லதுதான். காணாமல் போனது ராஜா. அவர் இல்லை.

கல்யாணத்தன்று மாலையில் என் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பேரச் சொன்னா ஆயுசு கொறையும். உன் வாயால கொறைச்சுடாத." இன்றுவரை சொன்னதில்லை. கோபத்திலும் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் காத்ததை ஒரு கல்லுக்காக விட முடியாது.

ஒன்று யோசித்தேன். 'மறைவு' என்று போட்டால்தானே தொல்லை? 'கடலுக்குப் போனது' என்று போட்டு அந்த வருஷத்தை வெட்டச் சொல்லுங்கள். அது உண்மை. நான் பார்த்த உண்மை. அதற்கு நான் சம்மதிக்கிறேன். அவருக்கு மட்டும் தனியாகப் போட்டால் ஊர் ஒரு மாதிரி பேசும். நங்கூரத்தார் எல்லாருக்கும் அப்படியே போடச் சொல்லுங்கள். உங்கள் வாய் எதற்கு இருக்கிறது?

இப்படிக்கு,
வச்சலா


சின்னமேட்டுக் குப்பம்,
20-10-2024

அண்ணிக்கு, வாய் இருக்கிற கொழுந்தன் எழுதிக்கிறது. சொகம். அங்க மழ உண்டா? இங்க ஓல மேல தட்டுது.

பஞ்சாயத்துக்குப் போனேன். எட்டியம்மாவுக்கும் வேம்புலிக்கும் பெரியதாண்டவனுக்கும் எல்லாருக்கும் 'கடலுக்குப் போனது'ன்னு போடணும்னு சொன்னேன். எத்திராஜ் எகிறினான்.

"யோவ் பெருசு, எட்டியம்மா ஜொரம் வந்து பாயில படுத்து செத்துச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அது எப்பிடிய்யா கடலுக்குப் போச்சு?"

"அதும் சாம்பல எங்கடா கரைச்சாங்க? உங்க வூட்டுக் கெணத்துலயா?"

"கடல்ல தான்..."

"அப்ப போச்சா இல்லியா?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவனும் சிரிச்சுட்டு, "எழுதித் தொலைங்கடா, இந்தாளோட பேச முடியாது"ன்னு உட்டுட்டான். ஆச்சு அண்ணி. உன் வார்த்த கல்லுல ஏறுது.

எட்டியம்மா கதைய உனுக்கு யாரும் முழுசா சொல்லிக்க மாட்டாங்க. தாது வருஷத்துப் பஞ்சம். கருங்குழி, மதுராந்தகம் பக்கத்துலேந்து ஜனம் கடல் தெச பாத்து நடந்து வந்துச்சாம். கஞ்சிக்காகக் கால்வா தோண்டற வேலைக்கு. பாதிப் பேரு வழியிலயே உழுந்துட்டாங்க. எட்டியம்மா கரையிலேந்து அண்டாவத் தூக்கினு போய், கால்வா ஓரத்துல அடுப்பு மூட்டி, மீனு தலையப் போட்டுக் கொதிக்க வச்சு ஊத்துச்சு. கவுச்சியே தொடாதவங்க கையேந்தி நின்னுச் சாப்புட்டாங்களாம். ஊத்தும்போது யாரு எவருன்னு கேக்காதாம். "ஏன் கேக்கல"ன்னு கேட்டதுக்கு, "பேரக் கேட்டுட்டா, நாளைக்கு அவன் வரலன்னா தெரிஞ்சுடும்"னு சொல்லுச்சாம்.

அப்பால, ஒண்ணே ஒண்ணு பாக்கி கீது. நம்ம வகையறா வழக்கம் ஒண்ணு உனுக்குத் தெரியாது. நைனா எனக்கு சொன்னது. கல்லுல மொத உளி போடறதுக்கு முன்ன, அந்தப் பேருக்கு ரொம்ப நெருங்கின ஆளு பட்டறைக்கு வந்து, கல்தச்சன் காதுல உழற மாதிரி அந்தப் பேர வாயத் தொறந்து சொல்லணும். பொண்டாட்டி உசுரோட இருந்தா பொண்டாட்டிதான் சொல்லணும், புள்ள கூட சொல்லக் கூடாது. மத்த மூணு பேருக்கும் ஆளு இல்ல, நானே சொல்லிட்டேன். மாமல்லபுரத்துல ஹரிகிருஷ்ணன் பட்டறையில கல்லு கீது. அண்ணன் பேரு காவியில எழுதியாச்சு. நீ வரணும்.

சிங்காரம்


ஊரப்பாக்கம்,
3-11-2024

கொழுந்தனாருக்கு.

இது எந்த ஊர் வழக்கம்? உங்கள் அப்பா எனக்கு மாமனார். பதினோரு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நான். ஒரு நாளும் இப்படி ஒன்றை அவர் சொல்லவில்லை. நீங்களே கட்டிவிட்டதா? வசந்த் வந்து சொன்னால் கல் பிளந்துவிடுமா?

வசந்த் கல்யாணத்துக்கு முந்தின ஆடி அமாவாசையில் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போய் எள்ளும் தண்ணீரும் விட வைத்தீர்கள். உயிரோடு இருக்கிறவருக்குத் திதி. அன்றைக்குத்தான் உங்களோடு பேச்சை விட்டேன். அப்போதும் ஏன் என்று கேட்டதற்கு, "கடலுக்குத் தண்ணி பத்தல, கொஞ்சம் ஊத்தினோம்" என்று பல்லைக் காட்டினீர்கள். இப்போது என் வாயாலேயே அவரை முடித்து வைக்கப் பார்க்கிறீர்கள்.

என்னால் முடியாது. அவர் பேர் இல்லாமலே கல் நிற்கட்டும்.

வச்சலா


சின்னமேட்டுக் குப்பம்,
11-11-2024

அண்ணிக்கு, கொழுந்தன். சொகம். சொகம்னு ஒரு வார்த்த இல்லாம நீ எழுதின மொத லெட்டர் இது. பத்திரமா வச்சுகீறேன்.

சரி. வர வேணாம். பேர அழிக்கச் சொல்லல. காவியிலயே கீது, அப்பிடியே இருக்கட்டும்னு ஹரிகிருஷ்ணனாண்ட சொல்லிட்டேன். மேல மூணு பேரும் வெட்டியாச்சு.

வேம்புலி பேரு நல்லா வந்துகீது. வெள்ளக்காரன் காலத்துல ஒரு ஜமீனு, நம்ம கரையில வல காயப் போடக் கூடாதுன்னு வேலி போட்டான். வேம்புலி கேசு போட்டாரு. செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு நடந்தே போவாராம், கட்டுச்சோத்துக்கு பதிலா ஒரு கூட கருவாடு. கூடைய வெளிய வைன்னு சேவகன் சொன்னா, "வெளிய வச்சா நாய் தூக்கினு பூடும், நீ அதுக்குக் கூட்டா?"ன்னு உள்ளயே தூக்கினு போவாராம். வாய்தா மேல வாய்தாவா போன கேசு, நாத்தம் தாங்காம சீக்கிரம் தீர்ப்பு ஆச்சுன்னு நம்ம ஜனம் சொல்லும். அவரு ஒண்ணும் சட்டம் படிச்சவரு இல்ல. நம்ம எடம் நம்மளுதுன்னு தெனம் போய் நின்னாரு, அவ்ளோதான்.

எள்ளுத் தண்ணியப் பத்தி எழுதிகீற. அதுக்கு நான் பதில் எழுதல.

மழ நாளு. வெளிய தெருவ போகாத. வழுக்கும்.

சிங்காரம்


ஊரப்பாக்கம்,
1-12-2024

கொழுந்தனாருக்கு,

புயல் உங்கள் பக்கத்துக் கரையை அடித்துவிட்டுப் போனதாக டி.வி.யில் காட்டினார்கள். வசந்த் நேற்றிலிருந்து போன் போடுகிறான். மணி அடிக்கவே இல்லை. செல்போன் கோபுரம் விழுந்திருக்கும் என்கிறான்.

இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். கார்டாக இருந்தாலும் சரி. ஜான்சன் படித்தாலும் சரி.

வச்சலா


ஊரப்பாக்கம்,
16-12-2024

கொழுந்தனாருக்கு, வச்சலா எழுதுவது.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வசந்த் பைக்கில் வரப் பார்த்தான். சாலையில் தண்ணீர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். உங்கள் பக்கத்தில் யாருக்கும் ஆபத்தில்லை என்று யாரோ சொன்னார்களாம். யாரோ சொன்னது எனக்குப் போதவில்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்தில் கேட்டில் போய் நிற்கிறேன். ஒருவர் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. பரிமளா, "இப்படியே எத்தனை நாள் அத்தை நிற்பீங்க" என்று கேட்டாள். அவள் உங்களைப் பற்றித்தான் கேட்டாள். எனக்கு வேறு எதுவோ உறைத்தது.

நேற்று கோலமாவு கையோடு உள்ளே இருந்தேன். கேட்டில் ஓர் ஆண் குரல், உங்கள் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. உரக்க, இரண்டு தடவை. "வூடு இதானே?" என்று கேட்டது. கொழுந்தனாரே, நான் ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். வாசலில் ஒரு கூரியர் பையன் நின்றான். கையில் செருப்புப் பெட்டி. வசந்துக்குக் கம்பெனியில், பாஸ்போர்ட்டில், எல்லாவற்றிலும் அப்பா பேர்தான் பின்பேராம். ஆபீஸில் எல்லாரும் அவனை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பேத்தியின் பள்ளிக்கூட அட்டையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறானாம். இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள்.

அவர் பேர் என் வாயைத் தவிர எல்லார் வாயிலும் இருக்கிறது.

நான் அழுததைப் பார்த்து வசந்த் இன்னொன்றும் சொன்னான். எள்ளுத் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டவன் அவன்தானாம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவன்தான் உங்கள் காலைப் பிடித்தானாம். நீங்கள் ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷம் என் ஏச்சை எல்லாம் ஏன் வாங்கிக்கொண்டீர்கள்?

எழுதுங்கள். எதையாவது எழுதுங்கள்.

வச்சலா


சின்னமேட்டுக் குப்பம்,
22-12-2024

அண்ணிக்கு, உசுரோட கீற கொழுந்தன் எழுதறது. ரொம்ப சொகம். பூனையும் சொகம்.

போஸ்ட் ஆபீசுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. உன் ரெண்டு லெட்டரையும் ஜான்சன் இன்னிக்குத்தான் வெய்யில்ல காய வச்சுக் குடுத்தான். இந்த வாட்டி படிக்கல. சும்மா குடுத்துட்டுப் பூட்டான். எங்கள பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்க. வேளைக்கு சாம்பார் சோறு. சாம்பாருக்கு பயந்துதான் புயல் சீக்கிரம் பூடுச்சு.

கரையில படகு சிலது ஒடஞ்சுடுச்சு. ஆளு யாருக்கும் ஒண்ணும் இல்ல. கல்லு மாமல்லபுரத்துல பத்திரம். காவி கொஞ்சம் சாரல்ல கரைஞ்சுது, திரும்ப எழுதிட்டான்.

வசந்த் கேட்டத ஏன் சொல்லலன்னு கேட்டுகீற. சொல்லியிருந்தா நீ அவனோட பேச்ச உட்ருப்ப. நீ பேசாம போனா எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பூனையோட பேசிக்குவேன். அப்பனும் இல்லாதவன் அவன். அவனால முடியாது.

முன்னூறு வருஷமா நங்கூரத்தாருன்னு இருந்த வூடு, ஊரப்பாக்கத்துல 'தேசிங்கு'ன்னு ஆயிடுச்சு பாத்தியா? அண்ணன் தனியா ஒரு வகையறா ஆரம்பிச்சுட்டாரு. இன்னும் நூறு வருஷம் கழிச்சு எவனாவது, "தேசிங்குன்னா யாரு, கப்பலக் கிப்பல இஸ்துகினு வந்தாரா?"ன்னு கேப்பான்.

நான் உன்னக் கூப்புடல அண்ணி. நல்லா கேட்டுக்க, கூப்புடல. வசந்த அனுப்பு. அவன் சொன்னாப் போதும்னு நான் பாத்துக்கறேன்.

சிங்காரம்


ஊரப்பாக்கம்,
8-1-2025

கொழுந்தனாருக்கு, வச்சலா. உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பொங்கல் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நேரே பட்டறைக்கு வருகிறேன். வழக்கம் உண்டோ இல்லையோ, அது உங்கள் பாடு.

சத்தியம் சத்தியம்தான். உங்களோடு பேச மாட்டேன். பேப்பரும் பேனாவும் எடுத்து வையுங்கள்.

வச்சலா


மாமல்லபுரம், ஹரிகிருஷ்ணன் பட்டறை,
19-1-2025

எதிர்ல குந்தினு கீற அண்ணிக்கு, எதிர்ல குந்தினு கீற கொழுந்தன் எழுதறது. நான் சொகம். நீ சொகமான்னு கேக்கல, கண்ணாலயே பாக்கறேன். மூச்சு வாங்குது உனக்கு. பஸ் ஸ்டாண்டுலேந்து நடந்தா வந்த? தலைய ஆட்டு, போதும். ஆட்டிட்ட. பைக்குல வந்த புள்ளைய உட்டுட்டு நடந்து வந்தவ நீ ஒருத்திதான்.

மொறைக்காத. ஒவ்வொரு வரியா எழுதித்தான் நீட்ட முடியும். என் எழுத்து நண்டு நடக்கற வேகம். உன்ன மாதிரி எட்டாவது பாஸா நானு?

பூ வச்சுகினு வந்துகீற. பொட்டும் பெருசா கீது. அப்பிடியே இரு. உன்ன யாரும் எதையும் அழிக்கச் சொல்லல, சொன்னா நான் இருக்கேன்.

கல்லப் பாத்தியா? மேல நங்கூரம் செதுக்கிகீறான். கொஞ்சம் தூண்டில் மாதிரி கீது, அவனாண்ட சொல்லிடாத, கோச்சுக்குவான். கீழ பெரியதாண்டவன், எட்டியம்மா, வேம்புலி. அதுக்கும் கீழ செவப்பா கீதே, அதான். தேசிங்கு. கடலுக்குப் போனது, 1996. எல்லாரும் கல்லுல கீறாங்க, அண்ணன் மட்டும் காவியில கீறாரு. துண்டால தொடச்சா பூடுவாரு. புயலுக்கே பாதி பூட்டாரு.

ஹரிகிருஷ்ணன் டீ குடிக்கிறியான்னு உன்ன கேக்கறான். அவனோட பேசலாம், அவனுக்கு சத்தியம் இல்ல. வேணாமா? சரி.

அண்ணி, நீ எழுந்திரிக்கறதுக்கு முன்ன ஒண்ண ஒடச்சு சொல்லிடணும். வழக்கம்னு எழுதினேனே, நைனா சொன்னாருன்னு. நைனா எந்தக் காலத்துல கல்லு வெட்டினாரு? நம்ம வகையறாவுக்கே இதான் மொதக் கல்லு. இத்தினி வருஷமா ஒரு பேர வாய்க்குள்ளயே அடக்கி வச்சுகினு, ராத்திரி பகலு அத முழுங்கி முழுங்கி நீ படற பாட்டப் பாத்துகினு

இரு அண்ணி. எங்க போற? இன்னும் முடிக்கல. இந்தப் பேப்பர வாங்கிப் பாத்துட்டுப் போ.

கல்லாண்ட பூட்ட நீ. ஹரிகிருஷ்ணன் டீ டம்ளர வச்சுட்டு உளிய எடுத்துகினு எழுந்துட்டான். வசந்த் வாசல்லயே நிக்கறான், உள்ள வரல.

வாயத் தொறந்துட்ட.

கேட்டுச்சு அண்ணி. ரோட்டுல லாரி போவுது, பக்கத்துப் பட்டறையில மிஷின் ஓடுது, அத்தினியும் தாண்டி எனக்குக் கேட்டுச்சு. ஒரு வாட்டிதான் சொல்லணும். நீ திரும்பச் சொல்ற. திரும்பத் திரும்பச் சொல்ற. போதும்னு யாரும் சொல்லல உன்ன.

டங்குன்னு மொத உளி உழுந்துடுச்சு.

நான் சொல்ல வந்தது இன்னான்னா அண்ணி, அந்த வழக்கம்...